பாகா, தேநீரா?

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையை எடுத்துவிடுங்கள்.

பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் முகாம். நான் சமையல்காரன். பாறை பார்க்க வந்தவர் அமலோற்பவம் டீச்சர், தூத்துக்குடிக்காரர். கல்லை நாக்கில் வைத்தால் அதன் ஏழு பிறவியும் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே சீடர் சொக்கலிங்கம். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர்.

அன்று பொழுது சாய்வதற்குள் சொக்கலிங்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடியில் கிடக்கும் டோலமைட் பாறையில் எண்ணெய் தங்கத் துளை உண்டா? இல்லையென்றால் கிணற்றைச் சிமெண்டால் அடைத்துவிட்டு எல்லோரும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"அடைச்சிரலாம் டீச்சர். அவ்வளவு ஆழம். தலைக்கு மேல மலை மாதிரி பாரம். துளை எப்படி மிஞ்சும்?"

டீச்சர் என்னிடம் பூந்தியும் கற்கண்டும் கேட்டார். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் போட்டார்.

"அமுக்குங்க அண்ணாச்சி."

பூந்தி களியாகிவிட்டது. கற்கண்டு நறநறத்ததோடு சரி. இடுக்குகள் அப்படியே இருந்தன.

"பூந்தி சுண்ணாம்புக்கல். டோலமைட்டும் ஒருகாலத்துல அதுதான். மக்னீசியத் தண்ணி ஊறி ஊறிக் கற்கண்டாயிருச்சு."

சொக்கலிங்கம் லேசில் விடுகிற ஆளா?

"புதைஞ்ச பிறகும் கற்கண்டு வளருமே டீச்சர். இடுக்கு அடைஞ்சுராதா?"

"அடையும்."

அடுப்பிலிருந்த முற்றிய பாகைக் கற்கண்டுத் தம்ளரில் ஊற்றினார். ஆறியதும் ஒரே கட்டி. ஓர் இடுக்கு இல்லை.

"நான் சொன்னேம்லா," என்று சொக்கலிங்கம் எழுந்தார். சிமெண்டுக்காரர்களைக் கூப்பிடத்தான்.

டீச்சர் தன் சூடான தேநீரை அந்தக் கட்டிமேல் கவிழ்த்தார். அது பாகைக் கரைத்து, வளைந்து வளைந்து வழி பண்ணிக்கொண்டு அடிவரைக்கும் இறங்கியது. தம்ளர் ஓர் ஏப்பம் விட்டது. இந்தக் காதால் கேட்டேன்.

சொக்கலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நம்ம பாறையில கடைசியா நடந்தது எது டீச்சர்? பாகா, தேநீரா?"

காலையில் கிணற்றிலிருந்து எடுத்த பாறைத்துண்டு மேசையில்தான் கிடந்தது. அதை அவர் பக்கம் தள்ளினார் டீச்சர்.

"ஆழத்தைக் கேட்டீங்க, பாரத்தைக் கேட்டீங்க. இதைக் கேட்டீங்களா அண்ணாச்சி?"

சொக்கலிங்கம் விரலை நனைத்து, ஒரு சொட்டு விட்டார்.

சொட்டைக் காணோம்.

"தேநீர்தான் டீச்சர்," என்றார். கல்லோ இன்னொரு சொட்டு கேட்டது. நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.