சேற்று நண்டு கையைத் தூக்கும் கதை

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் ஒரே பாஷை பேசின. ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு காயல் இருந்தது. காலை வெயில் பட்டால் அங்கே தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. மீன்கள் மேகத்தின் மேல் போவதுபோல இருக்கும்.

அந்தக் காயலுக்கு ஒரு சேற்று நண்டு காவல். அவனுடைய ஒரு கை உடம்பையே மறைக்கும் அளவுக்குப் பெரியது, இன்னொன்று சிறியது. கடல்நீர் உள்ளே ஏறுவதற்கு முன் அவன் காயலில் இறங்குவான். மேல்நீரில் ஒரு மிடறு, நடுநீரில் ஒரு மிடறு, அடிப்பள்ளத்தில் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பான். பிறகு சேற்று மேட்டில் ஏறி நிற்பான். பெரிய கை தாழ்ந்திருந்தால் மீன்கள் உள்ளே வரலாம். உயர்ந்திருந்தால் வரக்கூடாது.

வெகுகாலம் அந்தக் கை உயரவே இல்லை.

அப்புறம் மேட்டுநிலத்தில் வயல் வைத்தவர்கள் பயிர் தின்னும் அளவுக்கு மேல் எருவைக் கொட்டினார்கள். மிச்சத்தை மழை கழுவிவிட்டது. ஆறு அதைச் சுமந்துகொண்டு வந்தது.

"என்ன கொண்டுவர்ற?" என்று நண்டு கேட்டான்.

"சாப்பாடு. சும்மா கிடைக்குது, வாங்கிக்கயேன்" என்றது ஆறு.

வாங்கிக்கொண்டது பாசி. தின்று தின்று காயல் முழுக்கப் பச்சையாக விரிந்தது. காற்று அடித்தால் அந்தப் பச்சை மெல்ல எழுந்து அடங்கும், தூங்குகிறவனின் மார்பு மாதிரி. பார்க்க அழகுதான். ஆனால் பெருத்த பாசி செத்து, அடியில் படிந்து, அழுகியது. அந்த அழுகல் அடிநீரில் இருந்த மூச்சையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது.

ஒருநாள் மூன்றாவது மிடறில் நண்டுக்குத் தலை சுற்றியது. தடுமாறிக் கரையேறிக் கையைத் தூக்கினான்.

வந்த மீன்கள் நின்றன. கொடுவா மட்டும் நிற்காமல் முன்னால் வந்தான். மேல்நீரிலேயே திரியும் பெரிய மீன், பெரிய வாய்.

"எதுக்குடா கையைத் தூக்குற?"

"அடியில மூச்சு இல்லண்ணே. இறங்கிப் பாருங்க."

"நான் எதுக்குடா இறங்கணும்? மேல பட்டு விரிச்ச மாதிரி இருக்கு. சேத்தைத் தின்னுறவன் எனக்குத் தண்ணி ருசி சொல்றான்! கை தூக்கலப்பா இவன், கொசு ஓட்டுறான்."

மீன்கள் சிரித்தன. குஞ்சு மீன்கள்கூடச் சிரித்தன.

கிழங்கான் சிரிக்கவில்லை. மெலிந்த வெள்ளி மீன். அடி மணலில் தலையைப் புதைத்து வாழ்கிறவள். "அண்ணன் தூக்கினா தூக்கினதுதான். வாங்க, நாளைக்குப் பாப்போம்" என்று தன் பிள்ளைகளைத் திருப்பிக்கொண்டு போனாள். மற்ற மீன்களும் சிரித்தபடியே பின்னால் போயின. நண்டு அவளைக் கவனிக்கவில்லை. அவன் காதில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அடிநீர் இன்னும் மோசம். நண்டு கரையேறினான். தூரத்தில் கொடுவாவின் முதுகு தெரிந்தது. "வா ராசா, வா" என்று முணுமுணுத்தான். கையைச் சேற்றுக்குள் செருகிக்கொண்டான்.

அவன் வன்மத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சிரித்தால் யாருக்கும் ஆறாது.

கடல்நீர் ஏறியது. மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பச்சைக்குள் நுழைந்து மறைந்தன. சத்தமே இல்லை. உச்சிவெயில் வந்தபோது அவை ஒவ்வொன்றாக மேலே வந்தன, வயிறு வானத்தைப் பார்த்தபடி. காயல் முழுக்க வெள்ளைப் பூ பூத்ததுபோல இருந்தது.

கொடுவாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் அடிக்கே போகிறவன் இல்லையே. வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிக் கடலுக்குப் போய்விட்டான்.

கரையோரம் கிழங்கான் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணே, நீங்க இன்னைக்குக் கையைத் தூக்கலையே. அதான் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தேன்."

"எத்தனை பேரை?"

"எல்லாரையும்."

நண்டு சொல்லத் தொடங்கினான். "கொடுவா மேல இருந்த கோவத்துல..."

"கொடுவா என்னைக்கு அண்ணே உங்க கையைப் பாத்தான்? பாத்தவ நான்."

அவள் மெதுவாகக் கடல் பக்கம் திரும்பினாள். நண்டு சேற்றிலிருந்து கையைப் பிடுங்கித் தூக்கினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கினான். மறுபடி தூக்கினான். பார்க்க யாரும் இல்லை.

அன்று முதல்தான் அவன் வம்சத்து ஆண் நண்டுகள் நீர் வற்றிய சேற்றில் நின்று பெரிய கையைத் தூக்கித் தூக்கி இறக்குகின்றன. அந்தக் கையால் ஒருவாய்கூடத் தின்பதில்லை. சின்னக் கைதான் ஊட்டுகிறது. இப்போது படகில் வந்து, அடிநீரைக் குப்பியில் எடுத்துச் சோதிக்கிறவர்கள்கூட அதைப் பார்த்து, "வா வான்னு கூப்பிடுது பாருங்க" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது "வராதே" என்கிறது.