அதிரசத் தட்டும் மறையும் மந்திரமும்

முன்னொரு காலத்தில், பேரை நான் எப்போதோ மறந்துவிட்ட ஒரு நாட்டில், ராஜா புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். பேர் மந்திராட்டம். துணியில் கட்டம் போட்டு, ஆளுக்கொரு மரக்காய். அந்தக் காய்தான் அவரவருடைய மந்திரவாதி. சோழி உருட்டி நகர்த்த வேண்டும். வழியில் பூதம் வரும், ஆறு வரும். மந்திரம் சொல்லித் தப்பிக்கலாம். விதியெல்லாம் ராஜாவே ஓலையில் எழுதியது. சோழி கவிழ்ந்ததா நிமிர்ந்ததா என்று பார்க்கவே எனக்குக் கண் போதாது கண்ணுகளா, ஆனாலும் கதை தெரியும்.

அரண்மனை விகடன் வேம்படியானும் ஆட வருவான். ஆட்டத்துக்காக அல்ல, ராஜா பக்கத்திலிருக்கும் அதிரசத் தட்டுக்காக. "என் புத்தி முழுக்க வயிற்றில்தான் அரசே, அதனால்தான் இவ்வளவு பெரிது" என்பான். சபை சிரிக்கும். மந்திரி மழவராயர் மட்டும் பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் வேம்படியானின் காய் ஆற்றுக் கட்டத்தில் விழுந்தது. மழவராயர் துள்ளி எழுந்தார்.

"அரசே, ஓலையைப் பாருங்கள். 'ஆற்றில் விழுந்த மந்திரவாதி நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.' காய் என்று எங்கே இருக்கிறது? மந்திரம் சொல்லி ஆடுகிறவர் வேம்படியான். போக வேண்டியவரும் அவரே!"

"மந்திரியாரே, இது விளையாட்டு..." என்றான் வேம்படியான்.

"மன்னர் எழுதிய விதி உமக்கு விளையாட்டா?"

தான் எழுதியதில் ஓட்டை என்று ஒப்புக்கொள்ள எந்த ராஜாவுக்கு மனசு வரும்? "காய்க்கு உள்ளது ஆடுகிறவருக்கும் உண்டு. இதுவே தீர்ப்பு. பொழுது சாயுமுன் வேம்படியான் எல்லையைத் தாண்டட்டும்" என்றார்.

வேம்படியான் பெரிய வீரன் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது என்று தவித்தான். கை மட்டும் வழக்கம்போல அதிரசத்தின் பக்கம் போயிற்று. அங்கேதான் யோசனை பிறந்தது.

"உத்தரவு அரசே. என்னிடம் மறையும் மந்திரம் ஒன்று மிச்சமிருக்கிறது. சொன்னவர் ஆட்டம் முடியும்வரை எவர் கண்ணுக்கும் தெரியமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிக்கொள்ளட்டுமா?"

"தாராளமாகச் சொல்."

கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தான். நேரே ராஜாவிடம் போனான். ராஜாவின் தட்டிலிருந்தே ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தான்.

"பிடியுங்கள் அவனை!" என்று மழவராயர் கத்தினார்.

"யாரை சாமி?" என்றான் காவலன், தூணைப் பார்த்தபடி. பாவம், பார்த்தேன் என்றால் ராஜாவின் தீர்ப்பே பொய்யாகிவிடுமே. அவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

வேம்படியான் மெல்ல வந்து, மந்திரியின் தலைப்பாகையைக் கழற்றி, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அடேய், என் தலைப்பாகை!"

ராஜா திரும்பினார். "யாரோடு பேசுகிறீர் மழவராயரே? வேம்படியான் உம் கண்ணுக்குத் தெரிகிறானா?"

மந்திரி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தெரிகிறான் என்றால் விதி காய்க்கு மட்டும்தான். அவன் போக வேண்டாம். தெரியவில்லை என்றால், தெரியாத ஆளை எல்லைக்கு இழுத்துப்போவது யார்?

"காற்று அரசே... காற்றுதான் தூக்கியது."

"காற்றுக்கு நல்ல பசி போலிருக்கிறது!" ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிற்று. "போதும், ஆட்டம் முடிந்தது. எழுதிய முட்டாள் நான்தான். காய்க்கு உள்ளது காய்க்கு மட்டுமே. எங்கேயப்பா இருக்கிறாய் வேம்படியானே?" என்று முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"இங்கேதான் அரசே. என்னை மறைத்துவிட்டீர்கள். இந்தத் தொந்தியை மறைக்கத்தான் உங்கள் ஓலையில் மந்திரம் இல்லை."

ராஜா மறுபடி சிரித்து, தட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

மாலை கழுத்துக்குப் போயிற்று, அதிரசம் வயிற்றுக்குப் போயிற்று. எண்ணெய்த் தலைப்பாகை மட்டும் யாருடையதோ, அதே தலைக்குத் திரும்பிப் போயிற்று.