போதும் என்ற சொல் ஏன் பிந்தி வருகிறது

உடம்புக்குள் இருப்பவர்களும் வாய் திறந்து பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் வஞ்சி என்றொரு பெண் மலையில் தேனெடுத்துப் பிழைத்து வந்தாள். அவள் தலைக்குள், நட்டநடுவில், ஒரு சுனை இருந்தது. அதன் கரையில் நெடியாளும் அவள் தம்பி ஒலியனும் பிறந்தார்கள்.

இருவரும் ஒரு தாய் மக்கள்தான். ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குரல் உள்ளவர்கள் சுனையை விட்டு விலகி உள்ளே போய்க் குடியேற வேண்டும். மற்றவர்கள் கரையிலேயே நின்று சுனையைக் காக்க வேண்டும். ஒலியனுக்குக் கணீரென்ற குரல். நெடியாளுக்கோ அருகில் இருப்பவரிடம் மெல்லப் பேசத்தான் வரும்.

புறப்பட்ட அன்று, அக்காவின் தோளைப் பிடித்து ஏறித்தான் அவன் உள்ளே போனான்.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு குரல் கொடுப்பா," என்றாள் நெடியாள்.

"கட்டாயம் கொடுக்கிறேன் அக்கா."

கொடுத்தானோ என்னவோ, கரைக்கு எட்டவில்லை. பல நாள் அவள் அந்தத் திசையையே பார்த்திருந்தாள்.

வஞ்சி சாப்பிடும்போது "போதும்" என்று சொல்வதுதான் உள்ளே ஒலியனுக்கு வாய்த்த வேலை. ஆனால் அவன் இருந்த இடத்திலிருந்து எதுவும் தெரியாது. அவள் தின்றது ஒரு வாயா ஒரு பானையா என்று அறியாமல் உத்தேசமாகச் சொல்லி வந்தான். ஒருநாள் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டான். அரை வயிற்றோடு எழுந்துபோன வஞ்சி, பாறையில் கொடியேணியில் தொங்கும்போது மயங்கினாள். கால் கொடியில் சிக்கியதால் பிழைத்தாள்.

அதற்குப் பிறகு ஒலியன் வாயே திறக்கவில்லை. வஞ்சி தின்றுகொண்டே இருந்தாள். நடந்தால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்துவிட்டாள், படுத்தபடியே தேனடையைக் கடித்தாள்.

கரைக்கும் ஒலியனுக்கும் இடையில் மீனாள் என்பவள் இருந்தாள். விண்மீன் போல எல்லாப் பக்கமும் கை விரித்தவள். அவள்தான் நெடியாளுக்குச் செய்தி சொன்னாள்.

"உன் தம்பி பயந்துபோய் இருக்கிறான். 'ஒன்றும் தெரியாமல் என்னத்தைச் சொல்ல' என்கிறான்."

"எனக்குத் தெரியுமே. அவள் சாப்பிட்டால் இந்தச் சுனை இனிக்கிறது. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நீ நகர்ந்தால் கரை சரிந்துவிடும். இங்கே இருந்தபடியே காலை நீட்டலாம். ஆனால் நீட்டினால் நூலாய் மெலிந்துபோகும், மறுபடி மடக்க முடியாது. அதுவும் என் கை வரைதான் எட்டும். அவனைத் தொட முடியாது."

நெடியாள் தன் காலைத் தடவிப் பார்த்தாள்.

"நீ அவன் பக்கத்தில்தானே இருக்கிறாய்?"

"தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்."

"அப்படியானால் சரி," என்று நெடியாள் காலை நீட்டினாள். எலும்பெல்லாம் இழுபட்டது போல வலித்தது. நீட்டிக்கொண்டே சுனை நீரை அள்ளிக் குடித்தாள். குடித்த இனிப்பு அவள் உடம்பின் உழைப்பில் புளித்தது. அந்தப் புளிப்பு கால் வழியே நுனி வரை இறங்கியது. மீனாள் அதை வாங்கிக்கொண்டு ஒலியனைத் தொட்டாள்.

"யார் அது?"

"உன் அக்கா கொடுத்தனுப்பினாள். புளிக்கிறதா? அப்படியென்றால் அங்கே சுனை இனிக்கிறது."

ஒலியன் தலை குனிந்தான். பிறகு, "போதும்," என்றான்.

வஞ்சி கையிலிருந்த தேனடையைக் கீழே வைத்தாள்.

அந்தக் குரல் அப்போதும் கரைக்கு எட்டவில்லை. ஆனால் சற்று நேரத்தில் சுனையில் இனிப்பு ஏறுவது நின்றது. தம்பி பேசிவிட்டான் என்று நெடியாளுக்குப் புரிந்தது. வஞ்சிக்கு மறுபடி எப்போது பசிக்கும் என்று அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

அன்றைக்குப் பிறகுதான், வயிறு நிறைந்த உடனே இல்லாமல், கொஞ்ச நேரம் கழித்தே நமக்குப் போதும் என்று தோன்றுகிறது. கரையில் இருக்கும் அக்கா அனுப்பியது, இன்னொருத்தி கைமாறித் தம்பியிடம் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகிறது.