வேண்டாம் என்று எழுதிய பாட்டு

தூத்துக்குடியில் கல்யாணங்களுக்கு டிஜே வேலை பார்க்கும் ஜெனோவாவுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் தொழில் பழக வந்த அமலதாஸுக்கு நாற்பத்தேழு. இருபது வருஷம் மினிபஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனதால் ஸ்டியரிங்கை விட்டார்.

சேர்ந்த ஆறாவது வாரம் அவர் கேட்டார்.

"மேடம், பஸ்ஸுல நான் போட்டதுதான் பாட்டு. இங்க ஆளுக்கு ஒண்ணு கேக்காங்க. எதைப் போடணும், எதை மறுக்கணும்? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

"சனிக்கிழமை நீங்களே நில்லுங்கண்ணே. நான் பக்கத்துல இருக்கேன்."

சனிக்கிழமை சர்ச்சில் கல்யாணம், மதியம் மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளையின் அம்மா மரியசெல்வி ஒரு வாரத்துக்கு முன்பே ஜெனோவாவிடம் பட்டியல் கொடுத்திருந்தார். கட்டாயம் போட வேண்டியவை பன்னிரண்டு. அடியில் ஒரே ஒரு பழைய சினிமாப் பாட்டு. அதற்கு நேராக 'வேண்டாம்'.

அமலதாஸ் நன்றாகவே செய்தார். மணப்பெண்ணின் தோழிகள் கேட்டதையும் மாப்பிள்ளையின் கபடி டீம் கேட்டதையும் இடைவெளி தெரியாமல் கோத்தார். ஒரே பாட்டை மூன்றாம் முறை கேட்டு வந்த சித்தப்பாவைச் சிரித்தே திருப்பி அனுப்பினார். ஜெனோவா ஒரு பொத்தானையும் தொட வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தெம்பு வந்தது.

ஒன்றரை மணி இருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கையில் ஹெல்மெட். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

அமலதாஸ் வாங்கிப் பார்த்தார். வேண்டாம் என்று எழுதியிருந்த அதே பாட்டு.

"இது போட முடியாது சார்."

"ஒரு நாலு வரி போட்டாப் போதும்."

"வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்."

"யாரு சொன்னது?"

"மாப்பிள்ளையோட அம்மா."

அவர் ஹெல்மெட்டின் பட்டையை விரலால் இழுத்து விட்டார்.

"சரிதான்" என்றார். வாசலைப் பார்த்து நடந்தார்.

அமலதாஸ் ஜெனோவாவிடம் திரும்பினார். "சரியாத்தான சொன்னேன்?"

"யாரு அவரு?"

"கேக்கலியே."

"ஓடுங்க. கேட்டுட்டு வாங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமலதாஸ் போனார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ஜோக்கிமாம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். ஸ்கூட்டரை எடுக்கப் போறாரு."

ஜெனோவா ஹெட்போனைக் கழற்றினாள். "அந்தப் பாட்டை எதுக்கும்மா வேண்டாங்கிறீங்கன்னு அன்னைக்கே கேட்டேன். 'எங்க அண்ணன் என்னை சைக்கிள்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறப்போ பாடுறது'ன்னாங்க. அப்பா இறந்த வீட்டுல ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. ஒன்பது வருஷமாப் பேச்சு இல்லை."

"அய்யோ. அப்ப பாட்டைப் போட்டுரவா?"

"வேண்டாம்னு அவங்க கைப்பட எழுதினதுண்ணே."

"அப்ப விட்டுரவா?"

"போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"நடந்ததை."

அமலதாஸ் கையிலிருந்த சீட்டைக் கசக்கினார். "கல்யாண வீடு மேடம். அழுது, சண்டையாகி, எல்லாம் கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டா நான் வந்து திட்டு வாங்கிக்கிறேன். வண்டி கிளம்பிரும், போங்க."

மரியசெல்வி மேடைக்குக் கீழே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அமலதாஸ் சீட்டைக் காட்டி, தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த அம்மாள் சீட்டை வாங்கவில்லை. கையெழுத்தை மட்டும் பார்த்தார். சிரிப்பு நின்றது. அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாப்பிட்டாரா?" என்று கேட்டார் மரியசெல்வி.

"தெரியலம்மா. கிளம்பிட்டாரு."

பட்டுச் சேலையைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் நடந்தார். பிறகு ஓடினார்.

ஜன்னல் வழியாக அமலதாஸ் பார்த்தார். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகி நின்றிருந்தது. மரியசெல்வி விரலை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். ஜோக்கிம் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் இன்னும் சத்தமாகத் திட்டினார். சட்டென்று சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். அண்ணன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தார். ஜோக்கிம் பின்னாலேயே வந்தார்.

இருவரும் நேரே மண்டபத்தின் ஓரத்தில் நடந்த பந்திக்குப் போனார்கள். பரிமாறுகிறவரை விலக்கிவிட்டு, மரியசெல்வியே கரண்டியை வாங்கினார். பிரியாணி. அதன் மேல் இன்னொரு கரண்டி. ஜோக்கிம் போதும் என்று கையால் மறித்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டு மூன்றாவது கரண்டியும் விழுந்தது. அப்போதுதான் அவர் தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொன்னார். ஹெல்மெட் இடுப்பில் இருந்தபடியே மரியசெல்வி வாய்விட்டுச் சிரித்தார். முந்தானையால் கண்ணையும் துடைத்தார்.

பாட்டு முடியப் போகிறது என்று கபடி டீம் கத்தியது. அமலதாஸ் திரும்பி வந்து அடுத்ததை ஏற்றிவிட்டு, கையில் கசங்கிக் கிடந்த சீட்டைப் பிரித்தார்.

"மேடம், இப்ப அந்தப் பாட்டைப் போடலாம்ல?"

ஜெனோவா பந்திப் பக்கம் பார்த்தாள்.

"அதுதான ஓடிக்கிட்டு இருக்குண்ணே."