மூஞ்சூறு தொலைத்த பூச்சுக்காரன்

அந்தக் காலத்தில், உயிர்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் இரண்டு ஆட்கள் குடியிருந்தார்கள். ஒருவன் பெயர் கட்டுவான். புழு, பூச்சி, பயறு என்று சத்துள்ளது எது வயிற்றில் விழுந்தாலும் அதைக் கொண்டு உடம்பைக் கட்டி உயர்த்துவான். இன்னொருவன் பெயர் பூசுவான். வயிறு ஓய்ந்திருக்கும் நேரத்தில் தேய்ந்த பல், வெடித்த தோல், தளர்ந்த மூட்டு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வான். ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே ஏணிதான். ஒருவன் ஏறினால் மற்றவன் கீழே நிற்க வேண்டியதுதான்.

அப்போது மூஞ்சூறுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்க்க வருவதாகப் பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். தன்னை எல்லோரும் எலிக்குஞ்சு என்று நினைப்பதில் மூஞ்சூறுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். தைக்குள் பெருச்சாளி அளவுக்காவது வளர்ந்துவிட வேண்டும் என்று தின்னத் தொடங்கியது. விடிந்தால் மண்புழு, உச்சிவேளையில் வண்டு, பொழுது சாய்ந்தால் கரப்பான், நடுநடுவே ஈசல்.

உள்ளே கட்டுவான் ஏணியை விட்டு இறங்கவே இல்லை.

"அண்ணே, கொஞ்சம் எறங்குங்க. பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. ஒரு பூச்சு பூசிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினான் பூசுவான்.

"எப்படிடா எறங்குறது? இப்பத்தான் ஒரு கரப்பான் வந்து விழுந்திருக்கு. இதோ, பின்னாலேயே அடுத்தது!"

பக்கத்து வரப்பில் ஒரு ஆமை இருந்தது. இரண்டு நத்தையும் கொஞ்சம் கீரையும் தின்றுவிட்டு அரைநாள் சும்மா கிடக்கிற ரகம்.

"தம்பி, வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடேன்" என்றது.

"உங்களுக்கென்ன, உங்களையா பார்க்க வர்றாங்க?" என்று மூஞ்சூறு அடுத்த வண்டைக் கடித்தது.

பூசுவானுக்குப் பொறுமை போய்விட்டது. சாந்துச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மூக்கு வழியாக வெளியேறினான். சட்டி நடுவில் சிக்கிக்கொள்ள, அவன் இழுத்த இழுப்பில் மூக்கு நீண்டே போனது. வெளியே வந்தவன் ஆமையின் ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஏணி சும்மா சாய்ந்து கிடந்தது. அங்கேயே தங்கிவிட்டான்.

அதன்பிறகு மூஞ்சூறு வளரவும் இல்லை. மேலே கட்டக் கட்டக் கீழே உதிர்ந்தது.

தை பிறந்தது. பெண் வீட்டார் வந்தார்கள். வாசலில் நரைத்த மயிரும் தேய்ந்த பல்லுமாக நின்ற மூஞ்சூறைப் பார்த்துப் பெண்ணின் அப்பா கும்பிட்டது.

"பெரியவரே, பேரனைக் கூப்பிடுங்க."

மூஞ்சூறு அழுதேவிட்டது. நடந்ததை எல்லாம் கேட்டதும் மணப்பெண் மருதாயிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. தனக்காகத்தானே இத்தனையும்!

"கல்யாணம் நடக்கட்டும்ப்பா" என்றது மருதாயி. "ஏங்க, அழாதீங்க. பூச்சு வேலைக்காரர் எங்க போயிருப்பார்? விரிசல் விட்ட சுவர் பக்கமாத்தான் இருப்பார். வாங்க, தேடலாம்."

மூஞ்சூறின் வாலைக் கவ்விக்கொண்டு கூடவே கிளம்பியது. வழியில் ஆமையைக் கண்டு, "எங்க பூச்சுக்காரரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டது மூஞ்சூறு. ஆமைக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, ஆளைத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் மூஞ்சூறுகள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு, கீச் கீச்சென்று கூப்பிட்டபடி சுவரோரமாக ஓடுகின்றன, ஒன்றிரண்டு வருஷத்திலேயே கிழடாகியும் போகின்றன. இரண்டு பூச்சுக்காரர்களோடு நூறு வருஷம் வாழும் ஆமையோ, யார் கிட்டே வந்தாலும் தலையை இழுத்துக்கொள்கிறது.