குறைந்துபோன பயணி

பூபதிராஜ் நடத்திய விமானக் கம்பெனியில் கழிப்பறை என்றால் அலமாரிக்கு அண்ணன், அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் வரும் பயணிகளும் உள்ளே போய்த் திரும்பும்படி அதை மாற்றச் சொல்லி அரசாங்கத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு ஸீட் குறைந்தாலும் உயிர் போய்விடும் முதலாளிக்கு. வரைபடம் போடும் எஸ்தரைக் கூப்பிட்டார்.

"சுவர் ஒரு அங்குலம் நகரக் கூடாது. ஆனா நாற்காலி உள்ளே போய்த் திரும்பணும். திங்கட்கிழமை படம் வேணும்."

"அது எப்படி சார் முடியும்?"

"அது உன் பாடு. மூணு மணி நேரம் அடக்கிக்கிட்டு வந்தா அவங்க என்ன குறைஞ்சா போயிடுவாங்க?"

திங்கட்கிழமை படம் வந்தது. சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. நாற்காலி உள்ளே சுகமாக வட்டமடித்தது. முதலாளிக்கு அளவுகளைப் படித்துப் பழக்கமில்லை. படத்தை, சரிபார்க்க வந்த அரசாங்க அதிகாரியம்மாள் முன்னால் விரித்து, "எல்லாம் என் மூளை!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அதிகாரியம்மாள் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற எஸ்தரிடம் திரும்பினார். "ஏம்மா, நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஆளோட உயரம் ரெண்டடிதானே வருது?"

"ஆமாம் மேடம்," என்றாள் எஸ்தர். "சுவரைத் தொடாதேன்னு சார் சொல்லிட்டார். பயணிகள் குறைஞ்சா போயிடுவாங்கன்னும் கேட்டார். அதான் அவங்களையே குறைச்சுட்டேன்."

"இவ்வளவு சின்ன மனுஷன் உலகத்துல எங்கேயாவது இருக்கானா?"

எஸ்தர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அளவெடுக்க நான் வெளியே எங்கேயும் போகலை மேடம்."