ஒருமனதாக ஒரு தீர்மானம்

வக்கீல் சங்கரவடிவிடம் ஒரு ஜூனியர் இருந்தார். பெயர் தங்கையா. குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு சட்டம் படித்து வந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார்.

சங்கரவடிவு இரண்டு தடவை சட்டமன்றத் தேர்தலில் நின்று இரண்டு தடவையும் தோற்றவர். வீட்டின் மேல் கல் விழுந்திருக்கிறது. ஸ்கூட்டரை எரித்திருக்கிறார்கள். மறுநாள் டவுன் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார், அவ்வளவுதான்.

வேப்பங்குறிச்சியில் பதினைந்து வருஷமாக ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை. ஊராட்சித் தலைவர் இன்னார் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பெயரைச் சொல்வார்கள். மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த முறை செல்லக்கனி என்ற தையற்காரப் பெண், நானும் மனு போடுகிறேன் என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு சங்கரவடிவு யூனியன் ஆபீஸுக்குப் போனார். தங்கையாவும் கூடப் போனார்.

வாசலில் சுடலைக்கண்ணு என்பவன் அரிவாளோடு நின்றான். செல்லக்கனி மேல் விழ வேண்டிய வெட்டு, குறுக்கே நீட்டிய சங்கரவடிவின் வலது கையில் விழுந்தது. அந்தக் கூச்சலுக்குள்ளேயே செல்லக்கனி உள்ளே போய் மனுவைக் கொடுத்துவிட்டாள். கடவுள் புண்ணியத்தில் கையை எடுக்க வேண்டி வரவில்லை. சுடலைக்கண்ணுவைப் போலீஸ் பிடித்து ஜெயிலில் வைத்தது.

நாலாம் நாள் காலையில் தங்கையா பெரியாஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கையில் இட்லி டப்பா. இன்னொரு கையில் ஒரு தாள்.

வக்கீல்கள் சங்கத்தின் தீர்மானம் அது. சங்கரவடிவை வெட்டியவனுக்காக இந்த ஊரில் எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது. வாசகத்தை எழுதியவர் தங்கையாதான். பிழை ஒன்றுகூட இருக்காது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

சங்கரவடிவு இரண்டு தடவை படித்தார்.

“ஒருமனதாவா நிறைவேறுச்சு?”

“ஒரு கைகூட எதிர்க்கலை, மேடம்.”

சங்கரவடிவு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். டப்பா மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் தாளை வைத்து, இடது கையால் எழுதத் தொடங்கினார். எழுத்து மேலும் கீழும் ஓடியது. தங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை இதைவிட நேராக எழுதும் என்றார்.

“மார்க் போடாதீங்க சார். தாளைப் பிடிங்க.”

நாலு வரிதான். தீர்மானத்தை வாபஸ் வாங்க வேண்டும். சுடலைக்கண்ணு ஜெயிலிலிருந்து அனுப்பிய ஜாமீன் மனு நாளை மறுநாள் வருகிறது, அவனுக்கு யாராவது ஒரு வக்கீல் ஆஜராக வேண்டும். கீழே கையெழுத்து.

தங்கையாவின் முகம் மாறிவிட்டது. அன்றைக்கு உடுத்தியிருந்த வேட்டியை மூன்று தடவை துவைத்தும் கறை போகவில்லை என்றார். இந்தக் கடிதத்தோடு சங்கத்துக்குள் போனால் தன்னை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள் என்றார். அவன் ஜாமீனில் வெளியே வர வேண்டுமா என்று கேட்டார்.

வரக் கூடாது என்றார் சங்கரவடிவு. ஜாமீனைக் கடுமையாக எதிர்க்கும்படி அரசு வக்கீலிடம் நேற்றே சொல்லிவிட்டாராம்.

“அப்புறம் எதுக்கு மேடம், உங்க கையை வெட்டினவனுக்கு நாமளே வக்கீல் தேடணும்?”

சங்கரவடிவு இட்லியை இடது கையால் பிட்டார். அது சாம்பாருக்குள் விழுந்தது. விட்டுவிட்டார்.

“கூட்டத்துல பேசணும்னு ஒருத்தருக்குக்கூடவா தோணலை?”

தங்கையா மெதுவாகச் சொன்னார். பின்வரிசையில் அருளப்பன் வக்கீல் எழுந்தாராம். எல்லாரிலும் வயதானவர். ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தாராம். பக்கத்தில் இருந்தவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவில்லை.

“யார் இழுத்தது?”

நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தாள். எழுதிக்கொண்டு போனாள்.

“நான்தான், மேடம்.”

சங்கரவடிவு தாளைத் தொடையில் வைத்து ஒரு கையாலேயே மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது. அவரிடம் நீட்டினார்.

தங்கையா வாங்கிக்கொண்டார். இன்றைக்கு இரண்டு மணிக்குச் சங்கத்தில் மறுபடியும் கூட்டம் இருக்கிறது, அதற்கு முன்னாலேயே சங்கத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

“தலைவர்கிட்ட வேண்டாம். அருளப்பன் அண்ணாச்சிகிட்ட கொடுங்க. அவர் எழுந்து படிக்கட்டும். நீங்க அவர் பக்கத்துலயே உட்காருங்க.”